சென்னையில் போட்டோ எடுக்க நல்ல இடம் எது? வெளிச்சத்தின் கணக்கு

கையில் கேமரா வைத்திருப்பவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சென்னையில அவுட்டோர் போட்டோ எடுக்க நல்ல இடம் எது?" கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு பட்டியல்: மெரினா, பெசன்ட் நகர், மயிலாப்பூர் மாட வீதி, செம்மொழிப் பூங்கா, ஈசிஆர். பட்டியல் கொடுப்பது சுலபம்தான். ஆனால் ஒரே கடற்கரையில் சூரிய உதயத்தின்போது எடுத்த படத்தில் ஆள் வெறும் கரிய உருவமாகவும், சாயங்காலம் எடுத்த படத்தில் முகம் தெளிவாகவும் விழுகிறதே, ஏன்? இடம் மாறவில்லை; திசையும் நேரமும்தான் மாறின. ஆகவே, பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டு, ஒரு இடம் முகத்துக்கு என்ன செய்கிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. "நான் கறுப்பு, எனக்கு போட்டோ எடுபடாது" என்று சொல்லி குரூப் போட்டோவில் பின்வரிசைக்குப் போய்விடும் அத்தையோ பெரியப்பாவோ எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது? யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பத்தில் ஓரமாக நிற்கும் முகத்தை வெட்டி, பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டுகிறோம். முகம் எடுபடாமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் தோலின் நிறம் இல்லை, நிற்க வைத்த இடம்.

கேமரா என்ன நினைக்கிறது?

கேமராவின் தானியங்கி அளவீடு, தன் எதிரில் இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. சட்டகத்தில் பாதி வெளுத்த வானமாக இருந்தால், "ரொம்ப வெளிச்சம்" என்று முடிவு செய்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். மாநிறமோ கறுப்போ, முகம்தான் முதலில் பலியாகும். இப்போதைய மொபைல்கள் முகத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யப் பார்க்கின்றன. ஆனாலும் முகத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

பழைய ஃபிலிம் காலத்திலும் கதை இதுதான். அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய 'ஷெர்லி கார்டு'களில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து இடம் தேடுவதற்கு இரண்டு விதிகள் கிடைக்கின்றன.

1. பின்னணி, முகத்தைவிட இருண்டதாக இருக்க வேண்டும்.
2. முகத்துக்கு எதிரே பெரிய, மென்மையான வெளிச்சம் இருக்க வேண்டும். அது திறந்த வானமாகவோ வெயில் படும் சுவராகவோ இருக்கலாம்.

மீதியெல்லாம் இந்த இரண்டையும் சென்னையில் எங்கே, எப்போது பிடிப்பது என்பதுதான்.

கடற்கரை

நம் கடற்கரை கிழக்கே பார்த்தது. காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால், சட்டகத்திலேயே மிகப் பிரகாசமான பொருள் முகத்துக்குப் பின்னால் வந்துவிடுகிறது. முதல் விதி அங்கேயே அடிபட்டுப் போகும். உதயத்தில் முகம் வேண்டும் என்றால் ஆளைக் கடலைப் பார்த்து நிற்க வைக்க வேண்டும், பின்னணி கரைப்பக்கமாக இருக்க வேண்டும். பெசன்ட் நகரில் எல்லோரும் ஷ்மிட் நினைவு மண்டபத்தைப் பின்னணியாக வைப்பார்கள். 1930-ல் கடலில் உயிரிழந்த டேனிஷ்காரர் ஒருவரின் நினைவாகக் கட்டியது. ஆனால் வெயில் படும் வெள்ளைச் சுவர், மாநிற முகத்தைவிடப் பிரகாசமாக இருக்கும். அதைவிட ஊரூர் குப்பத்துப் பக்கம் நிற்கும் நீலம், பச்சைப் படகுகள் எவ்வளவோ மேல். அது மீனவர்கள் வேலை செய்யும் இடம் என்பதால் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதுதான் முறை.

சாயங்காலம் எல்லாம் தலைகீழ். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியதும் மேற்கு வானம் முழுவதும் ஒரு பெரிய விளக்காகிவிடும். ஆள் ஊரைப் பார்த்து நின்றால் முகத்தில் அந்த வெளிச்சம், பின்னால் மங்கிவரும் கடலும் கிழக்கு வானமும். இரண்டு விதிகளும் தானாகவே பொருந்துகின்றன. கடல் பின்னணியில் முகம் வேண்டும் என்றால் மெரினாவுக்குச் சாயங்காலம் போங்கள் என்று சொல்வது இதனால்தான்.

'கோல்டன் ஹவர்' என்ற பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி இறங்குகிறது. மார்ச் மாதத்தில் அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரம் ஏற இங்கே சுமார் 25 நிமிடம் போதும். லண்டனில் அதற்கு 38 நிமிடத்துக்கு மேல் ஆகும். இங்கே அது அரை மணிக்கும் குறைவான சமாச்சாரம். புடவை மடிப்பைச் சரிசெய்து முடிப்பதற்குள் போய்விடும்.

தெரு

தெருவைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை. மயிலாப்பூரில் கிழக்கு மாட வீதி வடக்கு தெற்காக ஓடுகிறது. காலையில் கிழக்குச் சாரியில் உள்ள கட்டடங்களின் நிழல் தெருவில் விழும், எதிர்ச்சாரியில் வெயில் படும். நிழலின் ஓரத்தில், மேற்கே பார்த்து நின்றால் எதிரே உள்ள சுவர்கள் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். பின்னணியோ நிழலில் இருக்கும் கடைகளும் கதவுகளும். காசு கொடுத்து வாங்கும் ரிஃப்ளெக்டர் செய்கிற வேலையை எதிர்வீடு செய்துவிடுகிறது.

தெற்கு மாட வீதி கிழக்கு மேற்காக ஓடுவது. அங்கே காலை வெயில் தெருவின் நீளத்துக்கு வரும். சூரியனைப் பார்த்து நின்றால் கண் கூசும், திரும்பி நின்றால் முகம் இருளும்.

எவ்வளவு நேரம் நிழல் கிடைக்கும்? ஒரு சின்ன பைத்தான் நிரலில் போட்டுப் பார்க்கலாம். வடக்கு தெற்காக ஓடும் தெருவில் 9 மீட்டர் உயரமுள்ள கட்டடம் மார்ச் கடைசியில் காலை 8:30-க்கு சுமார் 14 மீட்டர் அகலத்துக்கு நிழல் தரும். 10 மணிக்கு அது 6 மீட்டராகச் சுருங்கிவிடும். பத்து மணிக்கு மேல் அந்தத் தெரு வேறு தெரு.

வடக்கு வெளிச்சம் என்னும் விதி

ஓவியர்கள் கூடம் கட்டும்போது வடக்கு பார்த்த ஜன்னல் வைக்க வேண்டும் என்று ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு விதி உண்டு. போட்டோ பாடங்களிலும் இதை அப்படியே சொல்லித் தருகிறார்கள். அங்கே அது சரிதான். நடுப்பகலில் அவர்களுக்குச் சூரியன் எப்போதும் தெற்கே இருக்கும். நமக்கு அப்படி இல்லை. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பவும் உச்சிக்கு வரும்வரை, பகல் முழுவதும் வானத்தின் வடபாதியில்தான் இருக்கிறது.

அதாவது மே, ஜூன், ஜூலையில் தெற்கு பார்த்த திண்ணையிலும் வராந்தாவிலும் காலையிலிருந்து மாலைவரை நேர்வெயில் படாது. நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வடக்கு பார்த்த வாசலுக்கு அந்த யோகம். ஒரே வீட்டில் கோடைக்கு ஒரு வாசல், மார்கழிக்கு ஒரு வாசல்!

பூங்காவும் நிறமும்

மரத்தடி என்றாலே நல்ல நிழல் என்று நினைத்துவிடக் கூடாது. வேப்பமர நிழலில் வெயில் சல்லடையாக விழுந்து முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். புங்கை, தூங்குமூஞ்சி போன்ற அடர்ந்த மரங்கள் பரவாயில்லை. ஆனால் நடுவில் நிற்காமல், நிழலின் விளிம்பில் வெளியே பார்த்து நிற்க வேண்டும். மேலே இலையும் கீழே புல்லும் இருந்தால் முகத்தில் பச்சை ஏறும். மண் பாதையோ சிமென்ட் பாதையோ இருந்தால் அவ்வளவு ஏறாது. எழும்பூர் அருங்காட்சியகம் மாதிரி சிவப்புக் கட்டடங்களின் அருகில் நின்றால் அந்தச் சிவப்பும் கன்னத்துக்கு வரும். சுவரைவிட்டு நாலடி தள்ளி நின்றாலே நன்றாகக் குறைந்துவிடும்.

இடம் சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. கையை முகத்தின் உயரத்துக்கு நீட்டி, முஷ்டியை மடக்கிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். முட்டிகளின் நிழல் எந்தத் திசையில் மெத்தென்று கரைகிறதோ, அந்தத் திசையை முகம் பார்க்க வேண்டும். ஆளை நிற்க வைத்த பிறகு கண்மணியைப் பாருங்கள். அதில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரிந்தால் இடம் சரி.

ஆளுக்கு ஏற்ற இடம்

வெளிச்சம் பொருந்தினால் மட்டும் போதாது. முட்டிவலி உள்ளவரை மெரினா மணலில் அரை கிலோமீட்டர் நடக்க வைத்தால், முகத்தில் அந்த வலிதான் விழும். கூச்ச சுபாவம் உள்ளவரைப் பத்துப் பேர் வேடிக்கை பார்க்கும் தெருமுனையில் நிற்க வைத்தாலும் அப்படித்தான். மே மாதம் பட்டுப்புடவை என்றால் சொல்லவே வேண்டாம். உட்கார ஒரு இடம், தண்ணீர், பக்கத்தில் ஒரு கழிவறை, இவையும் இடத் தேர்வில் சேர்த்திதான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், சென்னையில் மிகச் சுலபமாகக் கிடைக்கும் நல்ல இடம் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்று: அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளக் கார் பார்க்கிங். மேலே கூரை இருப்பதால் உச்சி வெயில் இல்லை. உள்ளே இருட்டு, அதனால் பின்னணி தானாகவே மங்கும். வெளியே திறந்த வானம். வெளியே உள்ள சிமென்ட் தரை கொஞ்சம் வெளிச்சத்தைத் தாடைக்குக் கீழே அனுப்பும். நேர்வெயில் வராத பக்கமாகப் பார்த்து, கூரையின் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே ஒரு நாற்காலி போட்டு வெளியே பார்த்து உட்கார வையுங்கள். பின்னால் நிற்கும் ஸ்கூட்டரை மட்டும் நகர்த்திவிடுங்கள்.

போட்டோ எடுபடாது என்று சொல்லும் அத்தைக்கு லிஃப்டில் இறங்கி வந்தால் போதும். பத்து நிமிட வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செய்யலாம்.