வானத்திற் காணும் கரும்புள்ளிகள்

ஆகாய விமானங்களைப் படம் பிடிக்கும் அன்பர்களுக்கு வானத்தைப் போல் இடர் தருவது வேறொன்றில்லை. கடைத்தெருவையோ மரச்சோலையையோ படமெடுக்கும்போது விழும் சிறு கறை, கூரையின் மூலையோடும் இலையின் நிழலோடும் கலந்து மறைந்துவிடும். ஒன்றுமில்லாத நீல வானத்தில் அதற்கு ஒளிந்துகொள்ள இடமேது?

ஆகவே பலர் படத்தைக் கணினியில் இட்டு, கண்ணிற் பட்ட புள்ளிகளையெல்லாம் அழித்துவிடுகின்றனர். இதில் ஓர் ஆபத்து உண்டு. அழிக்கப்பட்ட புள்ளி தூரத்தே பறந்த பருந்தாக இருக்கலாம். வேறொரு விமானமாகவும் இருக்கலாம். தொடக்ககாலப் போயிங் 707 விமானங்கள், எஞ்சினுள் நீரைப் பாய்ச்சி மேலெழும்பும்போது கரும்புகை கக்கிச் சென்றன. அப் புகையைக் கறையென எண்ணித் துடைத்துவிட்டால் அந்தப் படம் பொய்ச் சாட்சி ஆகிவிடும். கறை எங்கே பிறந்ததென்று அறிந்த பின்னரே அதிற் கை வைத்தல் தகும்.

அறியும் வழி எளிது. விமானத்தைத் தொடர்ந்து கமராவைத் திருப்பியவாறே எடுத்த பத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பறவையும் புகையும் படத்துக்குப் படம் இடம் மாறும். பத்திலும் ஒரே இடத்தில், ஒரே உருவில் ஒரு மங்கிய வட்டம் நிற்குமாயின், அது வானத்தில் இல்லை; கமராவினுள்ளே இருக்கும் தூசி.

இத் தூசி, ஒளியுணரியை மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடியின்மேற் படிந்திருக்கிறது. படத்திலே நாம் காண்பது அதன் நிழலையே. வெயிலில் நின்று கையை நீட்டினால் நிலத்தில் நிழல் கூர்மையாக விழுகிறது. மேகம் மூடிய நாளில் வானம் முழுவதிலுமிருந்து ஒளி வருவதால் அந் நிழல் கலைந்துபோகிறது. கமராவிலும் இவ்வாறே. வில்லையின் துவாரம் எஃப் 4 என அகன்றிருக்கும்போது தூசியின் நிழல் கரைந்துவிடும். எஃப் 16 எனச் சுருங்கும்போது திரண்டு தெரியும். எண் பெருகத் துவாரம் சிறுக்கும் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

இதனாலேதான் ஜெட் விமானங்களைவிடச் சுழல்விசிறி விமானங்களின் படங்களிலே புள்ளிகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஜெட் விமானத்தை வினாடியின் 1000 இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடலாம், ஐ.எஸ்.ஓ. 100 இல், நல்ல வெயிலில், அதற்கு ஏறக்குறைய எஃப் 5 போதும். சுழல்விசிறி விமானத்தை அவ்வளவு விரைவாக எடுத்தால் விசிறி அசையாது நின்றதுபோலத் தோன்றி, விமானம் அந்தரத்திலே தொங்குவதாகிவிடும். விசிறி சுழல்வது தெரியவேண்டுமெனில் வினாடியின் 125 இல் ஒரு பங்கோ, அதனினும் நீண்ட நேரமோ வேண்டும். அதே வெயிலில் துவாரம் எஃப் 16 ஐ அண்டிச் சுருங்கும். மாதக்கணக்காகக் குடியிருந்த தூசியெல்லாம் அன்றைக்கே வெளிப்படும். கமரா அன்றுதான் பழுதாயிற்றென்று எண்ணுவது பிழை.

சோதிக்க விரும்புவோர் துவாரத்தை எஃப் 22 இல் வைத்து, வெறும் வானத்தையோ வெள்ளைக் கடதாசியையோ குவியம் பிசகச் செய்து படமெடுத்துக் கணினியில் அதன் ஒளிவேற்றுமையைக் கூட்டிப் பார்க்கலாம். படத்தின் மேற்புறத்தே தெரியும் புள்ளிக்குரிய தூசி உணரியின் கீழ்ப்புறத்தே இருக்கும். கமராவை நிமிர்த்திப் பிடித்து முன்புறமாக நோக்கினால் இடம் வலம் மாறுவதில்லை.

துப்புரவு செய்யும்போது மின்கலம் நிறைந்திருக்க வேண்டும். இடையில் மின்சாரம் குன்றினால் ஷட்டர் திடீரென மூடிச் சேதமடையலாம். கமராவின் வாய் நிலத்தை நோக்க, இறப்பர்க் குமிழால் ஊதுதல் நன்று. வாயால் ஊதினால் உமிழ்நீர்த் துளி படியும். சட்டைத் தலைப்பால் துடைத்தல் கண்ணாடியைக் கீறும். 2003 இல் வெளிவந்த ஒலிம்பஸ் ஈ-1 முதலாக, கண்ணாடியை அதிரச் செய்து தூசியை உதறும் ஏற்பாடு கமராக்களில் இடம்பெறலாயிற்று. எண்ணெய்த் துளி உதறலுக்கு அசையாது. 2012 இன் நிக்கொன் டி600 கமராவிலே புள்ளிகள் மிகுந்ததாக முறைப்பாடுகள் எழ, 2014 இல் அந் நிறுவனம் ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுக்க முன்வந்தது.

புள்ளியன்றி மூலைகள் இருண்டிருப்பின் அது வேறு நோய். தூசிக்கு நேர்மாறாக, துவாரம் அகன்றிருக்கும்போது தோன்றி, சுருங்கும்போது குறைவது இதன் அடையாளம். சுருக்கியும் நீங்காவிடின், வில்லையின் முன்னே மாட்டிய தடித்த வளையமோ கோணிய மறைப்போ காரணமாகலாம்.

வானத்தின் குறுக்கே கருநீலப் பட்டையொன்று கிடந்தால், முனைவாக்கும் கண்ணாடி வடியைக் கழற்றிப் பாருங்கள். வானொளி முனைவுற்றது என்பதை 1809 இல் பிரெஞ்சு அறிஞர் அராகோ கண்டறிந்தார். சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பகுதியில் அது மிகுதி. அகன்ற வில்லையால் எடுக்கும்போது அப் பகுதி மட்டும் இருண்டு, இருபுறமும் வெளிறிவிடும்.

இனி, வானத்திலேயே பிறக்கும் நிழல் ஒன்றும் உண்டு. உயரப் பறக்கும் விமானத்தின் பின்னே நீளும் வெண்கோடு, தனக்குக் கீழேயுள்ள மெல்லிய மேகப் படலத்தின்மீது தன் நிழலை வீழ்த்துவதுண்டு. வெண்கோட்டுக்கு இணையாக, ஒரு கருங்கோடு அதனோடு கூடவே நகர்ந்து செல்லும். சூரியன் தக்க இடத்தில் நின்றால், விமானத்துக்கு முன்னால் அந்த நிழல் ஓடுவதுபோலவும் தோன்றும்.