காகித விமானங்கள்

இலண்டனில் 1975ஆம் ஆண்டு ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் மாதங்கி அருள்பிரகாசம். இலங்கையில் வளர்ந்த அவர், போரினால் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தார். பின்னர் ‘எம்.ஐ.ஏ.’ என்னும் பெயரில் பாடல்களை எழுதிப் பாடினார். 2007இல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்குத் தம் தாயார் கலாவின் பெயரையே சூட்டினார்.

அதிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்னும் பாடல், ஹிப்ஹாப் நடையோடு ‘தி கிளாஷ்’ என்னும் ராக் குழுவின் பழைய இசைத்துணுக்கையும் சிறுவர் குரல்களையும் இணைத்தது. கல்லாப்பெட்டியின் ஓசையும் அதில் தாளமாயிற்று. அமெரிக்க விசா பெறுவதில் அவர் பட்ட இடரே அப்பாடலுக்குத் தூண்டுதல். குடியேறியோரை ஐயத்துடன் நோக்கும் மனப்பான்மையை அது எள்ளி நகையாடுகிறது. 2008இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் அது 4ஆம் இடத்தை எட்டியது. நுழைவுக்குக் காத்திருந்தவரின் குரல், அந்நாட்டில் அவருக்கு முன்பே வீடுதோறும் ஒலித்தது போலாயிற்று.