பழைய மோட்டார் சைக்கிளைச் சிறு செலவிற் புதுக்குதல்

இராயபுரத்தினின்று கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்வோர், காசிமேட்டைக் கடந்து திருவொற்றியூரையும், அதற்கப்பால் எண்ணூரையும் அடைவர். அலையோசையும் யந்திர ஓசையும் அருகருகே வழங்கிய பகுதி இது. 1948-ஆம் ஆண்டிற் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் ஸ்தாபனம் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைக் கோத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸாரும், இங்கிலாந்து தேசத்து ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்பீல்டு கம்பெனியாரும் கூடி என்பீல்டு இந்தியா என்னும் கம்பெனியை நிறுவினர். மறு ஆண்டில் திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறக்கப்பட்டு, கப்பலில் வந்த உறுப்புக்களைக் கொண்டு 163 புல்லட் வண்டிகள் அவ்வாண்டு முடிவதற்குள் இங்கே உருவாயின.

புல்லட்டின் புகழ் யாவரும் அறிந்ததே. அத்தொழிற்சாலையார் சிறு வண்டிகளும் செய்தனர் என்பதைப் பலர் மறந்தனர். 1960-களில் வழங்கிய ஷெர்ப்பா அவற்றுள் ஒன்று. அதன் வில்லியர்ஸ் யந்திரம் 173 கன சென்டிமீட்டர் அளவினது. பின்னர் குரூசேடரும் மினி புல்லட்டும் வந்தன. இவற்றுட் சில இன்றும் கொட்டகை மூலைகளில் துருவேறி நிற்கின்றன. அவற்றை மீண்டும் ஓட்ட விழையும் மாணாக்கருட் பலர் பாதிவழியில் கைவிடுகின்றனர். கையிற் பொருள் குறைவு என்பர். உண்மையில், இருந்த பொருளை முறைமாற்றிச் செலவிட்டதே காரணம். முதலில் வர்ணம் பூசி, பின்பு யந்திரத்தைப் பிரிப்போர் அவர். சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும்? ஆதலின் செலவின் முறையை இவண் கூறுவாம்.

முதலாவது, பத்திரங்கள். வண்டியின் சேஸிஸ் எண்ணும் யந்திர எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று, ஒரு காசு கொடுப்பதற்கு முன்னரே பார்த்தல் வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் அவசியம். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் தனி விதிகள் வந்தன. அவற்றின்படி முதற்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அங்ஙனம் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரவுக்கு ஓட்டலாகாது. எனவே, நாள்தோறும் ஏறிச் செல்ல விரும்பும் எளியோருக்குச் சாதாரணப் புதுப்பித்தலே தக்கது. பத்திரமில்லா வண்டி எவ்வளவு மலிவாயினும் விலை மிக்கதே.

இரண்டாவது, யந்திரத்தின் உயிர். இச்சிறு வண்டிகளின் யந்திரம் இரண்டு வீச்சு வகையினது. பிஸ்டன் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் இதில் ஆற்றல் பிறக்கின்றது; நான்கு வீச்சு யந்திரத்திலோ ஒன்றுவிட்டொருமுறையே பிறக்கும். பிஸ்டன் மேலேறுங்கால் கீழறையாகிய கிராங்க் பெட்டி பெட்ரோல் கலந்த காற்றை உள்ளிழுக்கின்றது. கீழிறங்குங்கால் அதனை மேலே தள்ளுகின்றது. ஆகவே அப்பெட்டி ஒரு பம்பாகவும் பணி செய்கின்றது. வால்வுகள் இன்மையால் உறுப்புக்கள் சில. ஏழைக்கு இது பெருநன்மை. ஆயினும், பம்பிற் காற்று கசிந்தால் யாவும் கெடும். கிராங்கின் இருபுறத்துமுள்ள ஆயில் சீல்கள் தேய்ந்தால், வேகம் தானே ஏறும். அல்லது சங்கிலிப் பெட்டியின் எண்ணெய் குறைந்து வெண்புகை மிகும். சிறு விலைச் சீலை மாற்றாமையால் பெருவிலைக் கிராங்கை இழந்தோர் பலர்.

பிஸ்டன் இறுகியிருந்தால் சம்மட்டியை எடுத்தல் கூடாது. பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து அத்துளை வழியே ஊற்றிச் சில நாள் பொறுத்திருத்தல் வேண்டும். பின்பு சிலிண்டரைக் கழற்றி உட்சுவரைத் தடவிப் பார்த்தால், தேய்வும் கீறலும் விரலுக்கே புலப்படும். தேய்வு மிகின் லேத் பட்டறையில் போர் செய்து, அடுத்த அளவுப் பிஸ்டன் இடுதல் வேண்டும். இன்றேல் ரிங் மாத்திரம் போதும்.

ஆற்றல் குன்றிய வண்டிகள் யாவும் தேய்ந்தனவல்ல. எரிந்த எண்ணெயின் கரி, புகைவழியை நாளடைவில் அடைத்துவிடும். பிஸ்டனை மேலேற்றி அவ்வழியை மூடிக்கொண்டு, மரக்குச்சியாற் கரியைச் சுரண்டியெடுப்பின், செலவின்றியே பழைய வேகம் மீளும். தீப்பொறி மெலிந்திருந்தால், மாக்னெட்டோவை மாற்றுமுன் பாயிண்டைத் துடைத்து, வில்லியர்ஸ் யந்திரங்களுக்குரிய 0.012 முதல் 0.015 அங்குல இடைவெளி வைத்து, கண்டென்ஸரை மாற்றிப் பார்த்தல் நன்று.

மூன்றாவது, ஓட்டுவோன் உயிர். பிரேக், டயர், கேபிள் இவற்றிற் சிக்கனம் கூடாது. பழைய பிரேக் கட்டைகளிற் கல்நார் கலந்திருத்தல் கூடும். ஆதலின் அத்தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். பெட்ரோல் டாங்கியைப் பற்றவைப்போர், அது காலியாயிருத்தல் கண்டு அஞ்சாதிருக்கின்றனர். நிறைந்த டாங்கியினும் ஆவி மட்டும் நிறைந்த டாங்கியே வெடிப்பதிற் கொடியது. அதனைச் செம்மையாகக் கழுவி ஆவி போக்கிய பின்னரே, தொழில் அறிந்தோரிடம் ஒப்புவித்தல் வேண்டும்.

நான்காவதே தோற்றம். எண்ணூர்க் கடற்காற்றின் உப்பு இரும்பை ஓயாது அரிக்கும். டாங்கியின் உட்துருவை எலுமிச்சை உப்புக் கரைத்த நீரை நிரப்பி ஓரிரு நாள் ஊறவைத்தும், பின் சலவைச் சோடா நீரால் அலசி உடனே உலர்த்தியும் போக்கலாம். தேய்ந்த குரோமியப் பூச்சைப் புதிதாக இடுதல் மிக்க செலவுடையது. துடைத்து மெல்லிய எண்ணெய் தடவி வைத்தலே போதும். நிறம் சிறிது மங்கினும் வண்டி ஓடும்.

புதுக்கிய பின்னும் ஒரு கவனம் வேண்டும். இந்நாளைப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆதலின் ரப்பர்க் குழாய்களைப் புதியனவாக இட்டு, நெடுநாள் நிறுத்துங்கால் கார்புரேட்டரை வடித்துவிடுதல் வேண்டும். லிட்டருக்கு 50 மில்லி வீதம் இரண்டு வீச்சு எண்ணெய் கலத்தலையும் மறவற்க. அதுவே இந்த யந்திரத்தின் மசகு.

உதிரி உறுப்புக்களைத் தேடுவோர் புதுப்பேட்டைக்குச் செல்வர். பழைய உறுப்பைக் கையிற் கொண்டே செல்க. அங்கும் கிடைக்காத புஷ்ஷும் ஊசியும், அளவு கொடுத்தால் லேத் பட்டறையில் கடைந்து தரப்படும். இப்பகுதியின் உண்மைச் செல்வம் அதுவே. தொழிற்சாலைகளிற் கை பழகிய முதியோர், ஒலியைக் கேட்டே பழுதைக் கூறவல்லர். அவர் அறிவிற் பெரும்பகுதி எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. இரும்புக்கு மாற்று இரும்பு கிடைக்கும். அவ்வறிவு மறைந்தாலோ மாற்று இல்லை.

ஆதலின், மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஒரு பழைய வண்டியைப் பிரிக்க அமர்வீராயின், அருகில் ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய முறையையும், அளவுகளையும், முதியவர் சொல்லிய சொற்களையும் அதில் எழுதுங்கள். வண்டி ஒருவருக்கே பயன்படும். அக்குறிப்பேடு பின் வருவோர் பலருக்கும் பயன்படும்.