காசு கொடுத்து வாங்கியும் சொந்தமில்லையா? போனில் இருக்கும் ‘லைப்ரரி’யின் கதை

‘லைப்ரரி’ என்றதும் பலருக்கு எழும்பூர் கன்னிமாரா ஞாபகம் வரும். ஐ.டி.காரர்களைக் கேட்டால், யாரோ எழுதி வைத்த, நாம் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் கோடிங் தொகுப்பு என்பார்கள். பைத்தானில் ‘நம்பை’ மாதிரி. இதுவரை குழப்பமில்லை.

சிக்கல் போனில் இருக்கும் ‘லைப்ரரி’யில்தான். நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தரணும், தெரியும். கிண்டிலில் காசு கொடுத்து வாங்கியது? அதுவும் முழுசா நம்முடையது இல்லை. கிடைப்பது படிப்பதற்கான உரிமம் மட்டுமே.

2009 ஜூலையில் வாசகர்களின் கிண்டிலில் இருந்து சில புத்தகங்களை அவர்களைக் கேட்காமலேயே அழித்தது அமேசான். விற்றவரிடம் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்ப வந்துவிட்டது. ஆனால், அழிந்தது எது தெரியுமா? பழைய பதிவுகளை அரசே அழிக்கும் கதையான ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’! அதில் ஒரு மாணவர் எடுத்து வைத்திருந்த குறிப்புகளும் பயனில்லாமல் போயின. ஜெஃப் பெசோஸ் பின்னர் மன்னிப்புக் கேட்டார்.

வாங்கிய புத்தகத்தை கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து, யூஎஸ்பி வழியாகக் கிண்டிலுக்கு மாற்றும் வசதி இருந்தது. 2025 பிப்ரவரி 26 முதல் அதையும் அமேசான் நிறுத்திவிட்டது.