படம் எப்படி இருக்கிறது?

ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வருபவர் வீட்டாரிடமும் உடன் வேலை செய்வோரிடமும் அதைப் பற்றிச் சொல்லும் இரண்டு மூன்று வாக்கியங்களை எவரும் விமர்சனமாக எண்ணுவதில்லை என்றாலும், விநியோகஸ்தர்களும் திரையரங்க உரிமையாளர்களும் ஒரு படத்தின் ஆயுளைக் கணிக்க நெடுங்காலமாக நம்பிவந்திருப்பது அவற்றைத்தான். விளம்பரத்தின் துணையின்றி வாய்வழியே பரவும் இக்கருத்தைத் திரைத்துறையினர் ‘மவுத் டாக்’ என்பர்.

இயக்குநர் பாலாவின் முதல் படமான ‘சேது’ வாங்குவார் இல்லாமல் நெடுநாள் முடங்கிக் கிடந்து, 1999 டிசம்பரில் வெளியானபோது சென்னையில் புறநகர்த் திரையரங்கு ஒன்றில் பகல் காட்சியாக மட்டுமே ஓடத் தொடங்கியது. பார்த்தவர்கள் சொல்லச் சொல்லக் காட்சிகளும் அரங்குகளும் கூடி, படம் நூறு நாள்களைக் கடந்தது. பல ஆண்டுகளாக வாய்ப்புக்குக் காத்திருந்த விக்ரமுக்கு முன்னணி நடிகர் என்னும் இடம் அதன்மூலம் கிடைத்தது.

இத்தகைய பரவலை அளக்க முடியும் என்று காட்டியவர், பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் என்ரிக்கோ மொரெட்டி. ஒரு படத்துக்கு முதல் வாரம் ஒதுக்கப்படும் திரைகளின் எண்ணிக்கை, அரங்க உரிமையாளர்கள் எதிர்பார்க்கும் கூட்டத்தைக் காட்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்கப் படங்களை ஆராய்ந்து 2011இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, எதிர்பார்ப்பை மிஞ்சிய கூட்டத்துடன் தொடங்கிய படங்களுக்குப் பின்வந்த வாரங்களில் கூட்டம் மெதுவாகவும், எதிர்பார்ப்பை எட்டாதவற்றுக்கு விரைவாகவும் குறைந்தது. பார்வையாளர் முன்பே நன்கு அறிந்திருந்த தொடர்ச்சிப் படங்களில் இந்த வேறுபாடு மங்கியே காணப்பட்டது. பிறர் அனுபவத்தைக் கொண்டு தம் முடிவைத் திருத்திக்கொள்ளும் இச்செயலைப் பொருளியலாளர்கள் சமூகவழிக் கற்றல் என்பர்.

ஆயினும் எண்களுக்குள் அடங்காத நுட்பம் ஒன்று இப்பேச்சில் உண்டு. ‘முதல் பாதி போனதே தெரியல, ரெண்டாம் பாதி இழுவை’ என்னும் தீர்ப்பு, இடைவேளையை மையமாக வைத்துக் கதையமைக்கும் இந்திய வழக்கத்தைப் பார்வையாளர் எவரும் கற்பிக்காமலே உணர்ந்து, அதையே அளவுகோலாக்கிக்கொண்டதைக் காட்டுகிறது. ‘ஒருதடவை பார்க்கலாம்’, ‘ஓடிடியில வந்தா பார்த்துக்கலாம்’, ‘குடும்பத்தோட போகலாம்’ என்பவையும் படத்தின் கலைத்தரத்தைப் பற்றியவை அல்ல. அதற்காகச் செலவிடப்படும் பணமும் மாலைப்பொழுதும் தகுமா, யாரை உடன் அழைத்துச் செல்லலாம் என்பதைப் பற்றியவை. கேட்பவரும் அச்சொற்களை அப்படியே ஏற்பதில்லை. சண்டைப் படங்களையே விரும்பும் தம்பி ‘ஸ்லோ’ என்று சொன்ன படம் தனக்குப் பிடிக்கக்கூடும் என்று கணக்கிடும் அக்காள், சொன்னவரின் ரசனையைக் கழித்துவிட்டே கருத்தை எடுத்துக்கொள்கிறாள். சொல்பவர் இன்னார் என்று தெரிந்திருப்பதுதான் இப்பேச்சின் முழு மதிப்பு.

திரையரங்க வாசலில் கேமராவுக்கு முன் சொல்லப்படும் கருத்தில் இல்லாமற்போவது இதுவே. பேசுபவரின் ரசனையைக் கேட்பவர் அறியார். நண்பனிடம் தயங்கிச் சொல்லியிருக்கக்கூடியதை ஒலிவாங்கியின் முன் அவர் உரத்துச் சொல்கிறார். முன்பு குறைந்த பிரதிகளுடன் நகரங்களில் தொடங்கி மெல்லச் சிற்றூர்களுக்குச் சென்ற படங்கள் இன்று எங்கும் ஒரே நாளில் வெளியாகி, முதல் வார இறுதியிலேயே வசூலின் பெரும்பகுதியை ஈட்ட வேண்டியிருப்பதால், தயாரிப்பாளர்களின் அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று அரங்க வளாகத்தில் இத்தகைய பேட்டிகளை அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அடுத்த மாதம், படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடுக்கக் கோரிய வழக்கில் இடைக்காலத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அம்மறுப்பு சரியானதே. சீட்டு வாங்கிப் பார்த்தவர் தம் மனத்தில் பட்டதைச் சொல்வதற்கு நாள் குறிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

மேலும், அரங்கை விட்டு வெளிவந்தவுடன் சொல்லப்படுவதே பார்வையாளரின் இறுதிச் சொல் என்று கொள்ள முடியாது. 2003 பொங்கலுக்கு வெளிவந்து வணிக அளவில் தோற்ற ‘அன்பே சிவம்’, பின்னாளில் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகி, பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குப் பரிந்துரைக்கும் படமாக வளர்ந்தது. அரங்கில் அதைத் தவறவிட்டவர்களே பின்னர் அதன் பெயரைப் பரப்பினர்.