கொம்பில் கட்டிய தட்டியும் எங்கள் வீட்டுப் பிள்ளையும்

தை பிறந்தால் உங்கள் ஊரில் கரும்பு, மஞ்சள் கொத்து, கோலம் என்று பேச்சு ஓடும். எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் எருதுப் பேச்சுதான்! சூளகிரி, பாகலூர், வேப்பனப்பள்ளி என்று சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராக எருது விடும் விழா நடக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அங்கே ஒரே கூச்சலாகக் கேட்கும்.

மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி இங்கே திமிலைப் பிடித்துத் தொங்குவது கிடையாது. எருதின் கொம்பில் வண்ண வண்ணத் தட்டி கட்டி, அதில் பரிசை வைத்து, கூட்டத்துக்கு நடுவே ஓட விடுவார்கள். பாய்ந்து வருகிற எருதை மறித்துத் தட்டியைப் பறிக்கிறவனுக்குப் பரிசு. கிருஷ்ணகிரியைத் தாண்டினால் சில ஊர்களில், குறித்த தூரத்தை எருது எத்தனை விநாடியில் ஓடிக் கடக்கிறது என்று பார்த்துப் பரிசு தருவதும் உண்டு.

சிப்காட் வேலைக்காக வந்து குடியேறிய எங்களுக்கு இதெல்லாம் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிற வேடிக்கைதான், போன வருஷம் வரை.

என் மூத்தவன் டிப்ளமோ முடித்துவிட்டு அப்ரெண்டிஸாகப் போகிறான். "ஃபிரண்ட்ஸோட சும்மா பார்த்துட்டு வரேம்மா" என்றுதான் கிளம்பினான். சாயங்காலம் சட்டை கிழிந்து வந்தான். கேட்டதற்குத் "தள்ளுமுள்ளு" என்றான். வழக்கமாக ஆறு இட்லி சாப்பிடுகிறவன் அன்று தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டான். அலுப்பு என்று நானும் விட்டுவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு வாந்தி. சற்றுப் பொறுத்து மறுபடி வாந்தி. "மணி என்னடா?" என்றால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறான். அப்புறம்தான் கூடப் போன பையன் போனில் உண்மையைச் சொன்னான். எருது முட்டவில்லையாம், பயந்து பின்வாங்கிய கூட்டம் இவனைக் கீழே தள்ளியதில் தலை தரையில் மோதியதாம். முகத்தில் சோடாவை அடித்து எழுப்பி, "ஒண்ணுமில்லடா" என்று வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்!

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, பிழைத்தோம். ஆனாலும் டாக்டர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். மூளை குலுங்கியிருக்கிறது, அது முழுசாக ஆறும் முன் இன்னொரு அடி பட்டால் ஆபத்து பல மடங்கு. வேலை, வண்டி, விளையாட்டு எல்லாவற்றையும் அவர் சொல்லும் வரை நிறுத்த வேண்டியிருந்தது.

தலையில் அடிபட்ட பிள்ளை "தூங்கறேன்" என்று சொன்னால் சும்மா விட்டுவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறல், எழுப்பினால் எழாத மயக்கம், கண்ணின் கருமணி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருப்பது, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது நீர் வடிவது, வலிப்பு, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சோடா, காப்பி எதுவும் கொடுக்க வேண்டாம். கொம்பு குத்திய காயமானால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காயத்துக்குள் காப்பித்தூள் போடுகிற பழக்கத்தை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

அந்த வாரம் டெக்ஸாஸில் இருக்கும் என் ஓரகத்தி மகளிடம் போனில் அழுதேன். "இங்கேயும் அதே கதைதான் சித்தி" என்றாள். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை ஆள்மேல் ஆள் விழுந்து சாய்க்க வேண்டும். மைக் வெப்ஸ்டர் என்ற பிரபல ஆட்டக்காரர் 2002-ல் 50 வயதில் இறந்தபோது, பென்னட் ஒமாலு என்ற டாக்டர் அவருடைய மூளையைப் பரிசோதித்தார். அடிமேல் அடி வாங்கியதால் வந்த சேதத்தைக் கண்டு 2005-ல் எழுதினார். அதன் பிறகுதான் அந்த ஊர் அம்மாக்கள் உஷாரானார்களாம். உயர்நிலைப் பள்ளிகளில் 2008-09 வாக்கில் சுமார் 11 லட்சமாக இருந்த ஆட்டக்காரர்கள், பத்தே வருஷத்தில் 10 லட்சமாகக் குறைந்தார்கள். ஆனால் பார்க்கிறவர்கள் குறைந்தார்களா? 2024 இறுதி ஆட்டத்தை டி.வி.யில் பார்த்தவர்கள் 12 கோடிக்கும் மேல்!

பார்க்க ஆசை, சொந்தப் பிள்ளையை அனுப்ப மட்டும் பயம். என் மொட்டை மாடி வேடிக்கையும் இதே ரகம்தானே என்று சுருக்கென்றது.

அவள் பிள்ளை இப்போது ஆடுவது கொடிக் கால்பந்து. இடுப்பில் கட்டிய துணிப்பட்டையை உருவிவிட்டால் போதும், ஆளைத் தள்ளக் கூடாது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸிலும் சேர்த்துவிட்டார்கள். நம் தட்டி பறிப்பு மாதிரியே இருக்கிறதே என்று சிரித்துவிட்டேன். என்ன, அங்கே பட்டை கட்டியிருப்பவனுக்குக் கொம்பு கிடையாது!

நம் பக்கத்திலும் பாதுகாப்பு பற்றிப் பேசாமல் இல்லை. 2014-ல் உச்ச நீதிமன்றத் தடை, 2017-ல் மெரினா போராட்டமும் புதுச் சட்டமும், 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்ற தீர்ப்பு, எல்லாம் நீங்கள் அறிந்ததே. அந்தச் சட்டத்தில் எருது விடும் விழாவும் அடக்கம். கலெக்டர் அனுமதி, தடுப்பு வேலி, மருத்துவக் குழு எல்லாம் வேண்டும். 2023 பிப்ரவரியில் கோபசந்திரத்தில் அனுமதி தாமதமானதற்கே பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து, கல்வீச்சு வரை போய், மணிக்கணக்கில் வண்டிகள் நின்றன. ஆசை குறைந்த லட்சணம் அது!

எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மா ஓர் எருது வளர்க்கிறாள். கொள்ளும் பருத்திக்கொட்டையும் போட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறாள். "எருதுக்கு டாக்டர் பார்த்து சீட்டு குடுக்கணும்ங்கறாங்க, சரி. வேலிக்கு இந்தாண்ட நிக்கற பசங்களுக்கு யாரும்மா சீட்டு குடுப்பாங்க?" என்றாள் ஒருநாள். அவளுடைய இரண்டாவது மகன் கொம்பு பட்டு விலாவில் தையலோடு இருக்கிறவன். இருந்தும் எருதை விற்க அவளுக்கு மனசு வரவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த வருஷமும் இவன், "அம்மா, போகட்டுமா?" என்று வந்து நின்றான். "வாயைத் திறக்காதே" என்றார் இவர். வேண்டாம் என்றால் போன தடவை மாதிரி சொல்லாமல் போவான் என்று எனக்குத் தோன்றியது. "பால்காரம்மா வீட்டு மாடியில் இடம் பிடி. கீழே இறங்கக் கூடாது. நானும் வருவேன்" என்றேன். பிள்ளையின் முகம் தொங்கிப்போயிற்று.

போனோம். அவளுடைய எருது மஞ்சள் தட்டியோடு ஓடியது, எவன் கையிலும் சிக்கவில்லை. மாடியில் முதலில் எழுந்து நின்று விசிலடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? வாயைத் திறக்காதே என்றாரே, அவர்தான்! நான் என் பிள்ளையின் சட்டையைப் பிடித்தபடியே இருந்தேன்.