தொண்டு இல்லங்களுக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவு ஏன் அவசியம்?

அன்னை தெரசா 1950-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் நிறுவிய கத்தோலிக்கத் துறவற சபையான மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி, ஆதரவற்றோர், நோயாளிகள், கைவிடப்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கான இல்லங்களை நடத்தி வருகிறது.

இத்தகைய தொண்டு அமைப்புகள் வெளிநாட்டு நன்கொடையைத் தொடர்ந்து பெற, வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010-இன் கீழ் மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவு அவசியமாகும். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு திருத்தத்தின்படி, நன்கொடை பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கிலேயே பெறப்பட வேண்டும். அதனைப் பிற அமைப்புகளுக்கு வழங்க இயலாது.

தகுதி நிபந்தனைகள் பூர்த்தியாகவில்லை எனக் கூறி, 2021 டிசம்பர் 25 அன்று இந்தச் சபையின் புதுப்பித்தல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் பதிவு மீண்டும் வழங்கப்பட்டது.

பதிவு இல்லாதபோதும் உள்நாட்டு நன்கொடைக்கு இச்சட்டம் தடை விதிப்பதில்லை. ஆயினும், வெளிநாட்டு உதவியைச் சார்ந்துள்ள இல்லங்களில் உணவு, மருந்துச் செலவுகளை ஈடுகட்டுவது கடினமாகும்.